ரோம் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம்

அத்தியாயம் 9

புதன்கிழமை என்றால் தெரசாவுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. தடுப்பூசி நாள். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தா முழுக்கத் தாய்மார்களும் குழந்தைகளுமாக நிறைந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் போதும், வரிசை மொத்தமும் சேர்ந்து அழும்.

மேசை மேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. வீட்டுக்காரர் ஞானராஜ். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டாள்.

“தெரசா, பெல்ஜியத்த சேத்துடட்டுமா?”

“என்னது?”

“பெல்ஜியம். பாரிசுக்கும் ஆலந்துக்கும் நடுவுல இருக்குது. வழியிலதான? எறங்கி ஒரு நாளு பாத்துட்டுப் போயிரலாம்.”

“ஏங்க, கையில ஊசி வெச்சிருக்கறேன்.”

“ஊசியப் போடு. ஆமா, இல்ல, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடு.”

எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் மிரண்டுபோய்க் குழந்தையின் தொடையைக் கையால் மூடிக்கொண்டாள். “நர்சம்மா, போன வெச்சிட்டுப் போடுங்க.”

தெரசா கைப்பேசியை அணைத்து இழுப்பறைக்குள் போட்டாள். பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டிருந்த உதவியாளர் சென்னம்மாள் சிரிப்பை அடக்கவில்லை.

“ஊசி போட்டா இங்க கொழந்த அழுவுது. ஊசி போடலன்னா அங்க உங்க வூட்டுக்காரரு அழுவறாரு.”

தெரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐரோப்பாப் பேச்சு ஆரம்பித்தது போன கிறிஸ்துமஸ் அன்றைக்கு. பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் பிளசி, கேக் வெட்டிக்கொண்டே சொன்னாள்: “உங்க முப்பதாவது கல்யாண நாளுக்கு நீங்க ரெண்டு பேரும் ஐரோப்பா போறீங்க. என்னோட பரிசு.” அவர்கள் இருவரும் அதுவரை விமானமே ஏறியதில்லை. தெரசா அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அக்காவப் பாக்கலாமா?”

“பாக்காம?” என்றாள் பிளசி. ஞானராஜ் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

அக்கா சகாயமேரி கன்னியாஸ்திரி. ரோமிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் பியாவெல்லா என்று ஒரு மலையூர். அங்கே முதியோர் இல்லம் நடத்தும் மடத்தில் இருபது வருடமாக இருக்கிறாள். கடைசியாக இந்தியா வந்தபோதுகூடச் சேலத்தில் தன் துறவற சபையின் இல்லத்தில்தான் தங்கினாள். தெரசாதான் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் பஸ்ஸில் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தங்கை வீட்டு வாசலை அக்கா மிதித்ததே இல்லை. ஏனென்று பிளசி கேட்டதில்லை. மடத்துச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று தெரசாவும் விட்டுவிட்டாள்.

இப்போது நாள் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பெங்களூரில் விசாவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். எந்த ராத்திரி எந்த ஊரில் தங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓட்டல் பதிவு காட்ட வேண்டும். திட்டத்தை இன்றைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நேற்றே பிளசி சொல்லிவிட்டாள். அதற்காகவே இந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

தெரசாவும் அவள் பங்குக்கு அலைந்திருக்கிறாள். அரசாங்க நர்ஸ் வெளிநாடு போக வேண்டுமென்றால் துறையில் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகத் தர்மபுரிக்கு எத்தனை நடை நடந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அதில் எழுதியிருக்கும் தேதியைத் தாண்டி ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க முடியாது.

அந்த நாட்களுக்குள்தான் பெல்ஜியம் வந்து நின்றுகொண்டு கதவைத் தட்டுகிறது.

மத்தியானம் வேலை முடிந்து வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

“அப்பா, இது பேப்பர்ல கோடு போடற வேல இல்லப்பா!”

“கோடு போட்டாத்தானம்மா வழி தெரியும்?”

சாப்பாட்டு மேசையில் பிளசியின் லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய அட்லஸ். ஐரோப்பாவின் மேல் ஞானராஜ் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார். பாரிசில் கிளம்பிய கோடு வடக்கே ஏறி, கிழக்கே ஓடி, ஆஸ்திரியாவைத் தொட்டு, ஸ்விட்சர்லாந்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இத்தாலியில் பாதிவரை இறங்கி மூச்சு வாங்கி நின்றது.

ஞானராஜ் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பு வண்டி உள்ளே வரும், எடை போடுவார், வெளியே போகும். அதே பழக்கத்தில் நாடுகளையும் வரிசையாக உள்ளே விட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

“ஏழு நாடு, பத்து ராத்திரி. தாராளம்,” என்றார்.

“அப்பா, காலையில ஒகேனக்கல், மத்தியானம் ஏற்காடு, ராத்திரி மைசூருன்னு யாராச்சும் வந்து சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?”

“நல்ல டிரைவராப் போடுன்னு சொல்வேன்.”

பிளசி மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“ஒரு ஊரு மாறணும்னா காலையில எந்திரிச்சு பொட்டி கட்டணும். ரூம காலி பண்ணணும். பொட்டிய இழுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவணும், பிளாட்பாரம் தேடணும். எறங்கி மறுபடியும் ஓட்டலத் தேடிப் போவணும். போனதும் ரூம் குடுக்க மாட்டாங்க, மத்தியானத்துக்கு மேலதான் குடுப்பாங்க. ஒரு ஊரு மாறினா அரை நாளு காலி. நீங்க தெனம் ஒரு ஊரு மாறறீங்க. அம்மாவுக்கு முட்டி வலி வேற. அங்க பாதி மெட்ரோ ஸ்டேஷன்ல படிக்கட்டுதான்.”

“உங்கம்மா நாள்பூரா நின்னே வேல செய்யறா. அவளுக்கு என்ன?”

கைகால் கழுவிக்கொண்டு வந்த தெரசாவின் காதில் அது விழுந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க நிற்கிறவளுக்கு நிற்பது வலிக்காது என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் மனிதரிடம் எதைச் சொல்வது?

“இளம்பரிதி ஆறு நாடு போயிட்டு வரலியா?” என்று கேட்டார் ஞானராஜ். இளம்பரிதி அவரோடு ஆலையில் வேலை பார்த்தவர். போன வருடம் சுற்றுலாக் குழுவோடு போய்விட்டு வந்து, எந்தக் கல்யாண மண்டபத்தில் பார்த்தாலும் போட்டோவைத் திறந்துவிடுவார்.

“அந்த மாமா பஸ்ஸுல தூங்கிக்கிட்டே ஆறு நாடு போனாரு. அவரே எங்கிட்ட சொன்னாரு. எந்த போட்டோ எந்த ஊருன்னு அவருக்கே தெரியல.”

“ஆனா ஆறு,” என்றார் ஞானராஜ்.

தெரசா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பாரிசிலிருந்து ஒவ்வொரு ஊராக விரலை வைத்து இறங்கினாள். பியாவெல்லாவைத் தேடினாள். இல்லை. கடைசி நாளுக்கு வந்தாள். காலை வத்திக்கான். இரவு விமானம். நடுவில் ஒரு வரி. ரோம் ரயில் நிலையம், சிஸ்டர் சகாயமேரி, ஒரு மணி நேரம்.

“இது என்ன?”

பிளசி அவளைப் பார்க்கவில்லை. “அது அப்பா போட்டதும்மா. நா அப்பறமா பேசி மாத்தலாம்னு இருந்தேன்.”

“அவங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்கன்னா போதும்,” என்றார் ஞானராஜ், பேனா மூடியைத் திருகிக்கொண்டே. “பஸ்ஸுதான? நாம அந்த மலைக்குப் போயி ஏறி எறங்கி, என்னாத்துக்கு வீண் அலைச்சல்? பாத்தாச்சு, பேசியாச்சு, ஒரு காப்பி குடிச்சாச்சு. கெளம்பியாச்சு.”

“அவ என்ன பார்சலா, ஸ்டேஷன்ல வந்து வாங்கிட்டுப் போவ?”

“தெரசா…”

“ஏழு நாட்டுக்கு எடம் இருக்குது. எங்கக்காவுக்கு ஒரு மணி நேரமா?” குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து பார்த்தது. “நாலு நாளு. நா அவகூட நாலு நாளு இருக்கணும். மிச்சத்த நீங்க எந்த நாட்டுல வேணா போட்டுக்கங்க.”

ஞானராஜ் மகளைப் பார்த்தார். பிளசி தயங்கினாள்.

“அதுல ஒரு சிக்கல் இருக்குதும்மா. எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்கறமோ, அந்த நாட்டுகிட்டதான் விசா கேக்கணும். நாம பிரான்சுகிட்ட நேரம் வாங்கியிருக்கறோம். பெரியம்மா ஊருல நாலு, ரோமுல ஒண்ணுன்னா இத்தாலிதான் அதிகமாயிரும். அவங்ககிட்ட இப்ப நேரமே கெடைக்கல. தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.”

“பாத்தியா?” என்றார் ஞானராஜ். “சட்டமே ஒத்துக்கல. நம்ம கையில என்ன இருக்குது?”

அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் தெரசாவைக் கிளப்பிவிட்டது. வருத்தப்பட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தேர்வு நடக்காது என்று கேள்விப்பட்ட பையன்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேசையில் விசாவுக்காக அடுக்கியிருந்த கோப்பிலிருந்து தன் பாஸ்போர்ட்டை மட்டும் உருவிக்கொண்டாள்.

“நா வரல. நீங்களும் இளம்பரிதியும் போயிட்டு வாங்க. ஏழென்ன, பதினேழு நாடு பாருங்க.”

“ஏய், என்ன வெளையாடறியா? கோயில்ல எல்லாத்துக்கும் சொல்லியாச்சு!”

“கோயில்ல சொன்னா நடந்துதான் ஆவணுமா?”

அவள் வேறெதையோ நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் ஞானராஜின் முகம் மாறிவிட்டது. எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் அதைத் தூக்கவில்லை.

“ஆமா. கோயில்ல சொன்னது நடக்காமயும் போவும். எனக்கா தெரியாது? ரெண்டு ஓலை வாசிச்சப்பறம் ஊரு முன்னாடி நின்னவன் நானு. இத்தன வருஷமா ஒரு வார்த்த பேசியிருப்பனா? இப்பப் போயி அவ வாசல்ல நாலு நாளு உக்காரணுமா?”

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சாமியார் எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். அதுதான் ஓலை. பிளசிக்கு அது தெரியும். தெரியாதது வேறு.

“யாருக்கு வாசிச்சாங்கப்பா?” என்று கேட்டாள்.

தெரசா ஞானராஜைப் பார்த்தாள்.

“எனக்கும் உங்க பெரியம்மாவுக்கும்,” என்றார் ஞானராஜ். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். வண்டி உதைக்க உதைக்க நாலாவது உதையில் கிளம்பியது.

பிளசி விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள். வெகுநேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்றதுக்கு என்ன இருக்குது? மூணாவது ஓலைக்கு முந்தின நாளு அக்கா மடத்துக்குப் போயிட்டா. கொஞ்ச நாள்ல என் பேரப் போட்டு மொதல்லேர்ந்து வாசிச்சாங்க. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?”

தெரசா அடுப்படிக்குப் போனாள். சோறு இருந்தது. பசி போய்விட்டிருந்தது. பின்னாலேயே வந்த பிளசி மெதுவாகச் சொன்னாள்:

“இப்பத்தாம்மா புரியுது. நாடு நாடா சேத்துக்கிட்டே போனாருல்ல? ஊரு பாக்கறதுக்கில்ல. பெரியம்மாவுக்கு எடமே இருக்கக் கூடாதுன்னு.”

தெரசாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. பெல்ஜியம், ஆலந்து, ஆஸ்திரியா என்று அந்த மனிதர் ஆசை ஆசையாய்ச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் தணியவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குத்தகைக்கு விட்டு, தக்காளி போட்டிருக்கிறார்கள். மனசு சரியில்லாவிட்டால் அங்கே போய் பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிடுவார்.

உட்கார்ந்திருந்தார். காலித் தக்காளிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். வரப்பில் பெண்கள் பறித்த தக்காளியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையில் டிராக்டர் காத்துக்கொண்டிருந்தது.

தெரசா இன்னொரு கிரேடைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். முட்டி முனகியது.

“வூட்டுக்கு வாங்க.”

“நீ போ.”

“சாப்பிடாம வந்துட்டீங்க.”

“பசிக்கல.”

கொஞ்ச நேரம் இருவரும் தக்காளியைப் பார்த்தார்கள்.

“என்னக் கோயில் வாசல்ல பசங்க எப்பிடிக் கூப்புடுவாங்கன்னு தெரியுமா உனக்கு?” என்றார் ஞானராஜ். “மூணாவது ஓலை. டேய், மூணாவது ஓலை வருதுடான்னுவாங்க. ஆலையில வேலைக்குச் சேந்தப்பறமும் அந்தப் பேரு அங்க வந்து சேந்துச்சு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா நாலு நாளுன்னு கேக்கற?”

தெரசா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

“உங்கள நிக்க வெச்சுட்டுப் போனா. செரி. என்ன யாராச்சும் கேட்டாங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நா நர்சு படிப்ப முடிச்சிருந்தேன். மெட்ராசுல வேலைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்திருந்துச்சு. துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். எங்கப்பா வந்து கட்டில்ல உக்காந்தாரு. குடும்ப மானம் உன் கையில இருக்குது தெரசான்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. நா செரின்னுகூடச் சொல்லல. வெளிய போயி செரின்னுட்டான்னு அவரே சொல்லிட்டாரு.”

“எனக்கு இது தெரியாது,” என்றார் ஞானராஜ்.

“நீங்க கேக்கலியே. அக்காவுக்கு எடுத்த பொடவதான் எனக்குக் கட்டுனாங்க. அவ அளவுக்குத் தெச்ச ரவிக்கையப் பிரிச்சு எனக்குத் தெச்சாங்க. கை இறுக்கமாவே இருந்துச்சு. கல்யாண போட்டோ எதுலயும் நா கையத் தூக்கியிருக்க மாட்டேன், போயிப் பாருங்க.”

டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். பெண்களில் ஒருத்தி அவனைத் திட்டினாள்.

“அப்படின்னா நீயில்ல அவமேல கோவமா இருக்கணும்?”

“இருக்கறேன்.” தெரசா தரையைப் பார்த்துச் சொன்னாள். “சேலத்துல பாத்தப்ப சுத்தியும் ஆளுங்க. ஜெபம், சாப்பாடு, மணி அடிச்சா எழுந்து போயிருவா. ஒண்ணும் கேக்க முடியல. ஏன்டி எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லாமப் போனன்னு நா அவளக் கேக்கணும். சண்ட போடணும். மறுநாளு பேசணும். அத ஸ்டேஷன்ல ஒரு மணி நேரத்துல, பொட்டிய யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களான்னு பாத்துக்கிட்டே கேக்க முடியாதுங்க.”

ஞானராஜ் ஒரு தக்காளியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நல்ல தக்காளி. அதைத் திரும்பவும் குவியலில் வைத்தார்.

ஒரு வார்த்தை சொல்வார் என்று தெரசா காத்திருந்தாள். மன்னித்துக்கொள் என்று வேண்டாம். அப்படியா என்று கேட்டால்கூடப் போதும். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட வார்த்தை எதுவும் வந்ததில்லை. இன்றைக்கும் வரவில்லை.

கடைசியில் கேட்டார்: “நாலு நாளு அந்த மலையில நா என்ன பண்ணிக்கிட்டு இருக்கறது?”

“நடங்க. தூங்குங்க. பெரியவங்க இருக்கற வூடுதான அது, அவங்ககூட உக்காந்து கதை பேசுங்க.”

“எந்த பாஷையில?”

“நீங்க பேசறதக் கேக்கறதுக்கு பாஷை எதுக்கு?”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரசாவுக்கு இன்னும் எரிச்சலாகவே இருந்தது. ஆனாலும் எழுந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது பிளசி தலையை அள்ளி முடிந்துகொண்டு லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வழி இருக்குது! ரெண்டு நாட்டுலயும் சரிசமமாத் தங்கினா, மொதல்ல எந்த நாட்டுல எறங்கறமோ அவங்ககிட்ட விசா கேக்கலாம். நீங்க பாரிசுலதான் எறங்கறீங்க. அதனால வெள்ளிக்கிழம நேரம் அப்பிடியே இருக்கட்டும். பாரிசுல மூணு ராத்திரி. அங்கிருந்து டிரெய்ன்ல லூர்து, மாதா கோயிலு, ரெண்டு ராத்திரி. அப்பறம் ரோமுக்கு ஃப்ளைட். நேரா பெரியம்மா ஊரு, நாலு. திரும்பி வந்து ரோமுல ஒண்ணு, வத்திக்கான் பாத்துட்டு வூட்டுக்கு. அஞ்சுக்கு அஞ்சு. பொட்டிய நாலே தடவதான் கட்டணும்.”

ஞானராஜ் அட்லஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பெல்ஜியம்?”

“இல்லப்பா.”

“ஆலந்து?”

“இல்ல.”

“ஸ்விட்சர்லாந்து?” இதைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. பனியில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது மட்டும் பொய்யில்லை என்று தெரசாவுக்குத் தெரியும்.

“அதுவும் இல்லப்பா,” என்றாள் பிளசி. “ஆனா லூர்து பக்கத்துல பெரிய மலையிருக்குது. மே மாசத்துலகூட உச்சியில பனி தெரியுமாம்.”

“தெரிஞ்சு? கீழ இருந்து கும்புட்டுட்டு வரவா?”

அவரே அட்லஸை மூடினார்.

“இளம்பரிதிகிட்ட என்னன்னு சொல்றது?”

“ரெண்டுன்னு சொல்லுங்க.”

“ரெண்டு,” என்றார் அவர், கஷாயம் குடித்தவர்போல.

தெரசா பாஸ்போர்ட்டைக் கோப்புக்குள் திரும்ப வைத்தாள். ஜெயித்துவிட்டாள்தான். ஆனால் ஜெயித்தவளுக்கு இருக்க வேண்டிய துள்ளல் இல்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல இருந்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி,” என்றாள் பிளசி. “அந்த நாலு ராத்திரியும் மடத்துல தங்கறதுக்கு அவங்ககிட்டேர்ந்து ஒரு கடிதம் வேணும். அங்க இப்ப மத்தியானந்தான். பெரியம்மாவக் கூப்புடுங்க. கையோட கேட்டுரலாம்.”

தெரசாவின் கைப்பேசியில் வீடியோ அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. ஞானராஜ் வழக்கம்போல அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டார். அக்கா எடுத்தாள்.

திரையைப் பார்த்ததும் தெரசாவுக்கு என்னவோ போலிருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது. என்னவென்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சகாயமேரியின் தலையில் முக்காடு இல்லை. நரைத்த முடியை ஒட்ட வெட்டிப் பின்னால் வாரியிருந்தாள். அக்காவுக்கும் ஞானராஜுக்கும் நிச்சயம் ஆன வருடத்தில் பார்த்த முடி. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“என்னக்கா, குளிச்சிட்டு வந்தியா?”

“இல்லடி. சொல்லு.”

“மே மாசக் கடைசியில வர்றோம். ஸ்டேஷன்ல எல்லாம் இல்ல, உன் ஊருக்கே. உங்கூட நாலு நாளு. மடத்துலேர்ந்து ஒரு கடிதம் மட்டும் வேணும், நாளைக்குள்ள.”

அக்கா சந்தோஷப்படுவாள், கையைத் தட்டுவாள் என்று தெரசா எதிர்பார்த்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“மே கடைசியா?”

“ஆமா. ஏன்?”

“நா அப்ப இங்க இருக்க மாட்டேன் தெரசா.”

“எங்க போற? மாத்தல் போட்டுட்டாங்களா?”

“சபைய விட்டு வர்றேன். ரோமிலேர்ந்து அனுமதி வந்துருச்சு. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படாத. அப்பறமா சொல்றேன் எல்லாத்தையும்.” மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பேசுகிறவள்போலச் சொன்னாள். “மே மாசம் மொத வாரத்துலயே ஊருக்கு வர்றேன். அம்மா வூட்டத்தான் வித்துட்டோம். எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல. கொஞ்ச நாளைக்கு உங்க வூட்டுல இருக்கலாமா?”

பிளசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெரசாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆத்திரம். காலையிலிருந்து யாரோடு சண்டை, எதற்காகச் சண்டை? துறையில் அனுமதி, விசா, ஐந்துக்கு ஐந்து, அந்த மனிதரின் பனி, எல்லாவற்றையும் வெட்டிக் கொத்தி நாலு நாளை மீட்டெடுத்து வந்து நீட்டினால், இவள் அங்கே இல்லையாம்.

“நீ எப்பவுமே இப்பிடித்தான்க்கா,” என்றாள். “முடிவ எடுத்துட்டுத்தான் எங்கிட்ட சொல்லுவ.”

“தெரியும்டி.”

“எத்தன மாசமா யோசிச்சுக்கிட்டு இருந்த?”

“மாசம் இல்ல. வருஷம்.” சகாயமேரியின் குரல் தேய்ந்தது. “முடியாதுன்னா சொல்லிரு. நா வேற எடம் பாத்துக்கறேன்.”

முடியும் என்று சொல்ல வாயெடுத்தாள் தெரசா. இது அவள் மட்டும் சொல்கிற பதில் இல்லை. அவள் தலை தானாக அடுப்படிப் பக்கம் திரும்பியது.

ஞானராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே போய் வண்டியை உதைப்பாரா, கத்துவாரா, தெரசாவால் ஊகிக்க முடியவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அவர் வந்தார். மேசைக்கடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, தெரசாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தோள் தோளோடு இடித்தது. திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்துக்குள் அவருடைய முகமும் வந்து சேர்ந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நா ஞானராஜ் பேசறேன்,” என்றார்.

அந்தப் பக்கம் சகாயமேரி அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பிளசி அவசரமாக எட்டிப் பார்த்தாள்.

நெட் நன்றாகத்தான் இருந்தது.